நேரம் தவறி ஊதிய சங்கு

மதியம் இரண்டு நாற்பதுக்கு மில் சங்கு ஊதியது. ஷிப்டு விட இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. சிங்காநல்லூரில் எங்கள் லைன் வீடுகளில் இருந்தவர்கள் சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள். நேரத்துக்கு ஊதினால் அது கடிகாரம். நேரம் தவறி ஊதினால் உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அன்று அது நிற்கவே இல்லை.

எனக்கு ஒன்பது வயது. உடம்பெல்லாம் அம்மை. வாசலில் வேப்பிலை செருகியிருந்ததால் பத்து நாட்களாக எங்கள் வீட்டுக்குள் யாரும் கால் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைகூட ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். அவர் வீட்டு மாமாவும் என் அப்பாவும் மில்லில் பஞ்சைப் பிரித்துத் தூசு தட்டும் மெஷினில் ஒன்றாக வேலை பார்த்தார்கள்.

சங்கு கேட்டதும் லைன் முழுவதும் கதவுகள் படபடவென்று திறந்தன. பெண்கள் மில் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். அம்மா இளநீர் டம்ளரை என் கையில் திணித்தார்.

"கண்ணு, வெளிய வந்தராத. நா அப்பனப் பாத்துப்போட்டு இப்ப வந்தர்றேன்."

அப்புறம் லைனில் ஒருவருமில்லை. யார் வீட்டிலோ ரேடியோ தானாகப் பாடிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ பால் பொங்கித் தீய்ந்த வாடை வந்தது. நான் அறையின் நடுவில் நின்றேன். உட்கார நினைத்தேன், முழங்கால் மடங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட நினைத்தேன், வாய் திறக்கவில்லை. இரண்டு எட்டில் கட்டில் இருந்தது. அது வேறு ஊரில் இருப்பதுபோல் இருந்தது. டம்ளரில் இளநீர் கொஞ்சமும் ஆடவில்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்கதவு திறந்தது. அப்பா. புருவத்திலும் மீசையிலும் பஞ்சு. ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளே வந்து கதவைத் தாழிட்டவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். அம்மைக் கொப்புளங்கள் நசுங்கி உயிர் போகிற வலி. நான் சொல்லவில்லை. வெளியே சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் இருக்கிற மில்லில் ஒருவர் மட்டும் என்னை நினைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார் என்பதில் எனக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

சங்கு நின்றபின் பெண்கள் திரும்பினார்கள். பஞ்சுப் பொதியில் தீ பிடித்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மாமா எரிகிற பஞ்சை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டிருக்கிறார். இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அத்தை துணிப்பையோடு எங்கள் ஜன்னலில் வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, அவிய கூடத்தான நின்னீங்க? என்னுங்க ஆச்சு?"

அப்பா மீசையிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

"அத்தே, அப்பா சங்கு நிக்கறதுக்கு முன்னாலயே வந்துட்டாருங்க! எனக்கோசரம் ஓடியாந்தாருங்க!"

அத்தை என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அத்தோடு விட்டேனா? ஜன்னல் பக்கம் போகிறவர், வருகிறவர் எல்லாரிடமும் அதையே சொன்னேன். பத்து நாட்களாகப் பேச ஆளில்லாத வாய். "ஆமாங் கண்ணு, உங்கப்பனாட்ட ஓட்டம் ஆருக்கு வரும்?" என்றார் ஒரு அக்கா. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா முனைக்கடையில் டீ குடிக்கப் போவதை நிறுத்தினார். வேலைக்கு எல்லாரோடும் போகாமல், எல்லாரும் போனபின் தனியாகப் போனார். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. பெருமைக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு காலை, என் பிளாட் சமையலறையில் குக்கர் வெடித்துத் திரைச்சீலையில் தீ பிடித்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, இரண்டு மாடிக்குக் கீழே படிக்கட்டில் வெறுங்காலோடு நின்றது. என் மகள் மேலே குளியலறையில் இருந்தாள். எதிர் வீட்டுக்காரர் ஈரச் சாக்கை வீசி அணைத்துவிட்டார். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. "அம்மா எங்க?" என்று அவரிடம் கேட்டாளாம். என்னிடம் அவள் இன்றுவரை எதையும் கேட்கவில்லை.

தூக்கம் போய், டாக்டரிடம் போனேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு தலையை வரைந்து, நடுவில் பாதாம் பருப்பளவு ஒரு வட்டம் போட்டார். ஆபத்து என்று கண்ணும் காதும் சொன்னால் இது உடனே கால்களுக்கு உத்தரவு போட்டுவிடும், யோசிக்கிற மூளைக்குச் சேதி பிறகுதான் போய்ச் சேரும் என்றார். ஒருவரை ஓட வைக்கும், ஒருவரை நின்ற இடத்தில் உறைய வைக்கும், ஒருவரைத் தீக்குள் கை விட வைக்கும். "எது வேணும்னு உங்களைக் கேக்காதுங்க மேடம்." சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது மகளிடம் காட்டக்கூடிய காகிதம் அல்ல. காட்டியிருக்கக்கூடிய ஒரே ஆள் அப்பா. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

அந்த ஒன்பது வயதில், எனக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. தன் வீட்டுக்குள் போகுமுன் எங்கள் வாசலில் நின்றார். லைன் பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளறையில் இருந்தார், வெளியே வரவில்லை. மாமா என்னைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் லைன் முழுவதும் கேட்கிற குரலில் பேசினார். எனக்கு எதற்குக் கத்துகிறார் என்று விளங்கவில்லை. உள்ளே அப்பா எதற்கு அப்படி வாய்விட்டு அழுதார் என்றும் விளங்கவில்லை.

"ஏங் கண்ணு, அம்மை எறங்கிருச்சா? அன்னைக்கு நாந்தான் உங்கப்பனைப் போகச் சொன்னேன். புள்ள தனியா கெடக்குது, நீங்க ஓடுங்க மாப்ளே, இதைய நா பாத்துக்கறேன்னு நாந்தான் சாமி அனுப்பிச்சேன்."