பொங்கல் வரிசையில் விடுபட்ட வீடு

தாராவியில் எங்கள் சந்தில் பொங்கலன்று எவரும் தம் வீட்டு வாசலில் பானை வைப்பதில்லை. வாசல் என்று சொல்லத்தக்க இடம் எவருக்கும் இல்லை. சந்து சென்று சேரும் அகன்ற சாலையின் ஓரத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்கள் அனைத்தும் ஒரே வரிசையில் அடுப்பு மூட்டுவோம். யாருக்கு எந்த இடம் என்பதை முதல்நாள் மாலை சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் குறிப்பவள் என் மனைவி. துக்க வீட்டுக்குக் கோடு கிடையாது. அவ்வீட்டார் ஓராண்டு பொங்கலிடுவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் சந்துக்குள் வெள்ளம் மார்பளவு ஏறியது. தோல் பட்டறையில் வேலை செய்த அடுத்த வீட்டுக்காரர் கடப்பாரையுடன் இறங்கிச் நாலா என்று நாங்கள் சொல்லும் சாக்கடையின் மூடியைப் பெயர்த்தார். நீர் வடிந்தது, அதனோடு அவரும் போனார். உப்பங்கழி வரை தேடியும் உடல் அகப்படவில்லை. அவர் மனைவி தாலியைக் கழற்றவில்லை; கருமாதிக்கும் இசையவில்லை. நாங்கள் சேற்றை வாரினோம், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், நனைந்த தையல் எந்திரங்களைப் பிரித்து உலர்த்தினோம். அவரைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. அவரால் பிழைத்தவர்கள் நாங்கள். அதுவே பேச்சைத் தடுத்தது.

தை பிறந்தது. அழைத்து நோகடிக்கக் கூடாது என்றெண்ணி, என் மனைவி அவ்வீட்டுக்குக் கோடு போடவில்லை. காலையில் அப்பெண் கல்லும் பானையுமாக வந்து நின்றாள்.

"எக்கா, எங்க எடம் எது?"

"ஏளா, துட்டி வீட்டுல பானை வைக்கலாமா?" என்றாள் என் மனைவி.

"துட்டியா? பொணத்தப் பாத்தது நீங்களா? நாலா மூடியத் தொறக்க மட்டும் அவுக வேணும், கோடு போட வேண்டாமோ?"

எதையும் கேலி பேசும் பக்கத்து அடுப்புக்காரி தன் கற்களை நகர்த்தினாள். "இங்கன வையிட்டி. எம் பானை என்னிய மாதிரி குண்டு, நாந்தான் தள்ளிக்கிடணும்."

அப்பெண் அங்கே கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினாள்.

எந்தப் பானை பொங்கினாலும் வரிசை முழுதும் குலவையிடுவது வழக்கம். அவள் பானையில் பால் பொங்கி வழிந்தபோது பெண்கள் தயங்கினர். என் மனைவி தொடங்கினாள். பாதியில் அது அழுகையாயிற்று. மற்றவர் குரல்களும் அவ்வாறே உடைந்தன. குலவையென்றோ ஒப்பாரியென்றோ பிரித்தறிய இயலாத அவ்வோசையைக் கேட்டு, சாலையில் போனவர்கள் வண்டிகளை நிறுத்திப் பார்த்தனர்.

அப்பெண் மட்டும் அழவில்லை. அரிசியை இட்டுக் கிளறினாள், இறக்கினாள், இலையில் படைத்தாள். பிறகு என் மனைவியின் அருகே வந்தாள்.

"அவுக பேருக்குப் பொங்கிட்டேன்க்கா. காரியத்துக்கு ஒங்க வீட்டு அண்ணாச்சிய நாள் பாக்கச் சொல்லுங்க."

நல்ல நாளில் காரியம் என்ற சொல்லை எடுக்கலாகாது என்று எங்களில் எவரும் சொல்லவில்லை.