டைம்கீப்பர் போட்ட சீட்டு

அந்தத் தையல் ஃபேக்டரியில் புகார்ப் பெட்டியின் சாவி டைம்கீப்பரம்மாவிடம் இருந்தது. புகார்ப் பெட்டி என்று பெயர்தான். ஃபேன் ஓடவில்லை என்று எழுதிப் போடச் சொன்னால், ஜனங்கள் மனசில் கிடந்த குப்பையையெல்லாம் எழுதிப் போட்டார்கள். ‘மாமியாரின் கண்ணாடியை ஒளித்து வைத்தது நான்தான்.’ ‘தம்பி கல்யாணத்தில் நான் அழுதது ஆனந்தத்தில் இல்லை, செருப்பு கடித்தது.’ எதிலும் பேர் கிடையாது. எல்லாருடைய லீவு லெட்டரையும் படிக்கிறவளுக்குக் கையெழுத்து தெரியாதா என்ன? ஆனால் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சீட்டுப் போட்டவர்கள் மறுநாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். இவளுக்கோ வயிற்றெரிச்சல். இவள் மடியிலும் கனம் இருந்தது.

போன வருஷம் மேனேஜர் அறைக் கடிகாரம் இரண்டு நிமிஷம் பிந்தி ஓடியது. இவளுக்குப் பொறுக்குமா? ஸ்டூல் போட்டு ஏறினாள். கடிகாரம் விழுந்து நொறுங்கியதும் ஒரே ஓட்டம். பெருக்க வந்த அக்கா துடைப்பமும் கையுமாக மாட்டிக்கொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்காவைப் பின்னால் இருக்கும் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் சேர்ந்து சாப்பிட்ட சிநேகிதி. அன்றிலிருந்து இவள் குடோன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒருநாள் தானும் எழுதிப் போட்டாள். சனிக்கிழமை தானே திறந்து, தானே படித்தாள். கனம் குன்றிமணி அளவும் குறையவில்லை. வேறொருவர் படித்தால்தானே குறையும்?

அடுத்த வாரம் இடது கையால் கோணல்மாணலாக எழுதிப் போட்டுவிட்டு, ஸ்டோர் அண்ணனிடம் சாவியைக் கொடுத்துச் சனிக்கிழமை லீவு எடுத்தாள். அவருக்கு ஓட்டை வாய்தான். பேரே இல்லாத சீட்டில் எதை ஒழுகவிடுவார்?

திங்கட்கிழமை அண்ணன் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

“ஏம்மா, ரகசியத்தை எழுதி அதுக்கு மேல நேரம் போடுற புண்ணியவதி யாரா இருக்கும்? காலை பத்து நாற்பத்திரண்டாம். ஃபேக்டரியே சிரிக்குது.”

பதினெட்டு வருஷப் பழக்கம். எந்தத் தாளைத் தொட்டாலும் மூலையில் நேரம் போட்டுவிடும் கை. இடது கையும் அதே வீட்டுக் கைதானே.

மத்தியானம் அக்காவே வந்து நின்றாள். இவள் ரிஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்தாள்.

“அக்கா, நான்...”

“எனக்கு அன்னைக்கே தெரியும். கடிகாரம் ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா இங்க வேற யாருக்கு வலிக்கும்?”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா திரும்ப இங்க வரணும். குடோன்ல அதிகாரம் பண்ண ஆளில்ல, நிம்மதியா இருக்கேன். மேனேஜர்கிட்ட எதையாவது ஒளறி வைக்காதே.” அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஆனா ஒரு வருஷம் தனியா உக்காந்து சாப்பிட்டேன் பாரு. கோபம் அதுக்குத்தான்.”

இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழுதது போதும். நாளைக்கு ஒரு மணிக்கு டப்பாவை எடுத்துட்டு குடோனுக்கு வா.”

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கே டப்பாவோடு எழுந்துவிட்டாள். வேலை நேரத்தில் கால்மணி முன்னதாக அவள் கிளம்பியது அதுதான் முதல் தடவை. தன் பேருக்கு நேரே அதை ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் போனாள்.