நாற்பத்தோராம் இலக்கம்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தெரிந்த விவரங்களை எழுதினேன். ஏழு வரிகள் வந்தன.

பெயர் கோபாலசிங்கம். பிறந்தது 1941, மாவிட்டபுரம். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளர். 1988இல் இத்தாலி. பலெர்மோவில் பதினொரு ஆண்டுகள் மாடிப்படிகள் கழுவினார். 1999 பெப்ரவரியில் மாரடைப்பு. மனைவி குகனேஸ்வரி. ஒரே மகள் சயந்தினி, லிஃப்ட் திருத்தும் வேலை. அது நான்.

மிச்ச இடத்தில் ஒரு காலைப்பொழுதை எழுதுகிறேன். அப்போது நான் கொழும்பில் இருந்தேன். ஆனால் அதை நான் பார்த்தது போலவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் சாப்பிட்ட பிறகு, பலெர்மோவின் சீசா பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் குளிர்ந்த தரையில் அப்பா படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதையைச் சொல்வார். பாதி நித்திரையில் சொல்வார். கதையில் ஒருமுறை வெயில் அடிக்கும், ஒருமுறை மஞ்சள் புழுதிக் காற்று வீசும். நான் புழுதிக் காற்றையே வைத்துக்கொண்டேன்.

லிபெர்த்தா வீதியில் அப்பா கழுவிய படிகள் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் இருந்தன. ஐந்தாம் மாடியில் இரண்டு அறைகளில் ஒரு முதிய பெண் வாடகைக்கு இருந்தார். பெயர் ஸ்தெபானியா. கிழக்கே மலைகளுக்குள் இருந்த ஒரு சின்ன இராச்சியத்தின் கடைசி மன்னருடைய மகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த நாட்டு மக்கள் வாக்களித்து மன்னர் குடும்பத்தை அனுப்பிவிட்டார்கள். பிறகு நாடும் வேறொரு நாட்டுக்குள் கரைந்துவிட்டது. பள்ளி அட்லஸில் தேடினேன். இல்லை.

அவர் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துச் சீவித்தார். குப்பையைத் தானே கீழே கொண்டுபோனார். அப்பா படி கழுவும்போது வெளியே போக வேண்டி வந்தால், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகக் கால்விரலில் இறங்குவார். முதல் முறை அதைக் கண்ட அன்று அப்பா வாளியை வைத்துவிட்டு எழுந்து நின்றாராம்.

ஒருநாள் உள்ளூர் தொலைக்காட்சியில் அவரைப் பேட்டி கண்டார்கள். “அரியணை திரும்பக் கிடைத்தால்?” என்று கேட்டார்கள். “மக்கள் போகச் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். அடுத்த கேள்வி,” என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் இளவரசி. எங்கள் ஆட்களுக்கு இளவரசிக் கிழவி.

இனி அந்தக் காலை. 1991 ஜூன்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வெளிநாட்டவர் பிரிவில் அந்த நாட்களில் ஒரு நாளைக்கு நாற்பது பேரைத்தான் எடுப்பார்கள். விடியும்போதே ஆட்கள் வந்துவிடுவார்கள். சண்டை வராமல் இருக்க எங்கள் ஆட்களே ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் வரிசை எழுதினார்கள். வருகிறவர் பெயரைச் சொல்வார், இலக்கம் வாங்குவார். கதவு திறந்ததும் அலுவலர் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். தமிழர், மொரோக்கோக்காரர், மொரிசியஸ்காரர் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். கொப்பி அப்பாவிடம் இருந்தது. களஞ்சியத்தில் இருபது வருடம் பதிவேடு எழுதிய கை.

அன்று அப்பா தன் சொந்த அலுவலாக வந்திருந்தார். அம்மாவும் நானும் மூன்று வருடமாக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தோம். எங்களை எடுப்பதற்கான விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. குடியுரிமை என்ற கட்டத்தில் அப்பா ‘தமிழ்’ என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு நாடு தங்கள் பட்டியலில் இல்லை என்று சொன்னார்களாம். இரண்டாம் முறை எல்லாம் சரி. ஆனால் குடும்பம் இருக்க வீடு உண்டு என்ற சான்றிதழின் தவணை அன்றோடு முடிகிறது. அன்று கொடுக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இன்னும் ஒரு வருடம்.

ஒரு கட்டடத்தின் படிகளைக் கழுவிவிட்டு ஆறரைக்கு வந்தார். அதுவரை கொப்பியை மன்னார் பவுல் வைத்திருந்தார். முப்பத்தொன்பது பெயர்கள். அப்பா நாற்பது என்று போட்டுத் தன் பெயரை எழுதினார்.

அப்போது மரங்களுக்கிடையிலிருந்து, புழுதிக்குள் ஒரு குடை நடந்து வந்தது. குடையின் கீழ் பழுப்புக் கோட்டு.

“கடைசி ஆள் ஆர்?”

அப்பாவின் கதையில் இளவரசி யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார். நான் மாற்றவில்லை.

“நீங்கள்தான் நாப்பது, சிஞ்ஞோரா,” என்றார் அப்பா. தன் பெயரை ஒரு கோட்டால் வெட்டினார். மேலே அவருடைய பெயரை எழுதினார். கீழே 41, கோபாலசிங்கம். கை தானாக எழுதிவிட்டது என்றே கடைசிவரை சொன்னார்.

பவுல் பார்த்துவிட்டார்.

“அண்ணை, உங்களுக்கு விசரே? நாப்பதோடை கதவைப் பூட்டிப்போடுவாங்கள்.”

“தெரியும்.”

“பிள்ளை அங்கை லொட்ஜிலை கிடக்கு!”

“சத்தம் போடாதை. இளவரசி நிக்கிறா.”

“எழுபது வயசிலை என்னண்ணை இளவரசி? எனக்கும் ஒரு முடி வாங்கித் தாங்கோ, நானும் முன்னுக்குப் போறன்.”

அப்பாவும் இளவரசியும் பனைபோல உயர்ந்த மரங்களின் கீழ் ஒரு கல் வாங்கில் உட்கார்ந்தார்கள். காற்று சூடாக இருந்தது. கடலுக்கு அப்பால் இருந்து வந்த மணல், கொப்பியின் மேல், காகிதங்களின் மேல், இளவரசியின் வெள்ளைத் தலைமயிரின் மேல் படிந்தது. எதிரே இருந்த கட்டடம் தெரிந்தும் தெரியாமலும் நின்றது. எள்ளுப் பாணில் பாதியை அவர் பிய்த்துக் கொடுத்தார். அப்பா தெர்மோஸிலிருந்து தேநீர் ஊற்றினார்.

அவருடைய வதிவிட அனுமதிப் படிவம் மடியில் விரிந்து கிடந்தது. குடியுரிமைக் கட்டத்தில் அந்த இல்லாத நாட்டின் பெயர்.

“ஒவ்வொரு வருசமும் எழுதுறனான். அவங்கள் வெட்டிப்போட்டு நாடற்றவர் எண்டு எழுதுவாங்கள்.”

“நானும் எழுதினனான், சிஞ்ஞோரா. திருப்பி அனுப்பிப்போட்டினம்.”

இளவரசி சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“இந்த முறை என்ன எழுதினீர்?”

“சிறீலங்கா எண்டு.”

“எழுதேக்கை எப்பிடி இருந்தது?”

“சோத்துக்குள்ளை கல்லுக் கடிபட்ட மாதிரி.”

“கல்லைத் துப்பிப்போட்டுச் சோத்தைத் தின்னும். பிள்ளை வரட்டும். எனக்கு ஒருத்தரும் வர இருக்கேல்லை, அதாலை நான் வீம்பு பிடிக்கலாம்.”

பன்னிரண்டு மணிக்கு அலுவலர் வாசலில் நின்று கூப்பிட்டார். நாற்பது. இளவரசி எழுந்து போனார். அவர் படியில் கால் வைத்ததும், “இன்றைக்கு இவரோடு முடிந்தது,” என்றார் அலுவலர். அப்பா வாங்கில் இருந்து எழும்பவில்லை. காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார், உறையில் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார்.

பவுலால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய், தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், அது அப்பாவின் இலக்கம், அவருடைய மகள், இன்றைக்குத்தான் கடைசி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

இளவரசி அலுவலரின் கையிலிருந்த கொப்பியை வாங்கினார். வெட்டிய பெயரைக் கண்டார். பிறகு திரும்பி, அத்தனை பேருக்கும் முன்னால் அப்பாவைத் திட்டினார்.

“நான் உம்மட்டைக் கேட்டனானோ? ஆரும் கேளாமலே எங்களைத் தூக்கி முன்னுக்கு வைச்சு வைச்சுத்தான் எங்கட நாடு நாசமாப் போனது! நீர் நாப்பது. நான் நாப்பத்தொண்டு. வாசிக்கத் தெரியாதே?”

அலுவலர் பதறிப்போனார். “இரண்டு பேரும் வாருங்கள், பிரின்சிபெஸ்ஸா. அதனால் என்ன?”

இளவரசி குடையின் நுனியால் பின்னால் காட்டினார். அங்கே குழந்தையோடு ஒரு மொரிசியஸ்காரி நின்றாள். “நாப்பத்திரண்டாம் ஆளுக்கும் இதே கதவோ?”

அலுவலர் கொப்பியைத் திரும்ப வாங்கி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.

“சிஞ்ஞோரா, உங்கட விசாக் காட்டும் இண்டைக்கெல்லோ முடியுது,” என்றார் அப்பா.

“முடியட்டும். நாப்பத்தைஞ்சு வருசம் நாடில்லாமல் இருந்தனான். ஒரு நாள் காட் இல்லாமல் இருக்க ஏலாதே?”

குடையை விரித்தார். புழுதிக்குள் நடந்து போனார். பேருந்து வந்ததா, வரவில்லையா என்று அப்பாவுக்குத் தெரியாது. அதற்குள் அப்பா உள்ளே போய்விட்டார்.

1992 ஜனவரியில் அம்மாவும் நானும் பலெர்மோவில் இறங்கினோம். எனக்குப் பதினாறு வயது. அந்த ஞாயிறே அப்பா என்னை லிபெர்த்தாவுக்குக் கூட்டிப்போனார். ஐந்து மாடியும் படியால் ஏறினோம். இளவரசி கதவைத் திறந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “ஆ, குவாரந்தா,” என்றார். நாற்பது. அதன் பிறகு என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அந்தக் கட்டடத்து லிஃப்டை நான்தான் பராமரிக்கிறேன். மூன்று பேருக்கான பழைய கூண்டு. அதற்குள் சந்தித்தாலும் குவாரந்தாதான்.

அப்பாவுக்கு ஏழு வருடம் எங்களோடு இருக்கக் கிடைத்தது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடியுரிமைக் கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு எழுதுவார். எழுதி முடித்து என்னைப் பார்ப்பார்.

இறுதிச் சடங்கன்று மண்டபத்தில் பூப் போட வரிசையாக நின்றார்கள். நிறையப் பேர். இளவரசி வந்தார். எழுபத்தெட்டு வயது. அதே பழுப்புக் கோட்டு. கையில் ஒரு வெள்ளைப் பூ. பவுல் அண்ணை ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பிடித்தார். வரிசை தானாகவே விலகி வழிவிட்டது. முன்னால் கூட்டிப்போகப் பார்த்தார்.

இளவரசி கையை விடுவித்துக்கொண்டார். குடையைத் தரையில் ஒருமுறை தட்டினார். இத்தாலியனில், அப்பாவின் தமிழில் அல்லாமல் அவருடைய சொந்தக் குரலில், கேட்டார்.

“கடைசி ஆள் யார்?”

கடைசியில் நான் நின்றேன். வருகிறவர்களையெல்லாம் எனக்கு முன்னால் விட்டுக்கொண்டிருந்தேன். என் முறை வந்தால் முடிந்துவிடும்.

கையைத் தூக்கினேன். மெதுவாக நடந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

“குவாரந்தா,” என்றார். “நகரும். உமக்குப் பின்னாலை ஆள் நிக்குது.”

இத்தாலியனில்தான் சொன்னார். எனக்கு அப்பாவின் குரலில் கேட்டது. ஓர் அடி முன்னால் வைத்தேன்.