பாதையில் ஏறிய பியானோ

மண்முனைத் துறையிலிருந்து பாதை நகர்கிறது. இந்த ஊரில் பாதை என்றால் தெருவல்ல, வாவியைக் கடக்கும் மிதவை. உப்பு மூட்டைகளுக்கும் என்னைப் போன்ற பயணிகளுக்கும் நடுவே, கொழும்பிலிருந்து ரயிலில் வந்த பியானோ ஒன்று நிற்கிறது. அதன் சொந்தக்காரி முக்கால் செவிடான பறங்கிப் பெண்மணி. குலுங்கி வந்த பெட்டி பிழைத்ததா என்று கரை சேரும்வரை பொறுக்காமல் மூடியைத் திறக்கிறார்.

"சின்னத்தம்பி, துடுப்ப எடு!" என்கிறார்.

வாவியில் மீன் பாடுவதைக் கேட்க இங்கே துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைப்பார்கள். பாதை தள்ளும் சின்னத்தம்பி அதைப் பியானோவின் மரத்திலும் அந்தப் பெண்மணியின் காதிலும் அழுத்துகிறார்.

"புடிச்சிரிக்கன் நோனா, வாசிங்க!"

பத்து விரலும் இறங்குகின்றன. வாவி அதிர இசை எழுகிறது. ஒரு சுரமும் பிசகவில்லை.

"கேக்குது! எல்லாம் கேக்குது!" என்று அவர் கூவ, பாதையே ஆரவாரிக்கிறது.

"இது ஆர் கட்டின பாட்டு, ஐயா?" சின்னத்தம்பி என்னிடம் கேட்கிறார்.

"ஒரு ஜெர்மன்காரர். காது அடைத்துப்போன பிறகும் விடாமல் எழுதினார்."

துடுப்பை அசைக்காமல் அவர் யோசிக்கிறார்.

"அப்ப அவருக்கும் ஆரோ துடுப்புப் புடிச்சிரிக்காங்க."