பக்கத்துப் பந்தலில் அழுத ராணி

கானா நாட்டுக் குமாசி சந்தையில் துணிக்கடை வரிசைக்கு அமா சர்போமாதான் ராணி. கிரீடமெல்லாம் கிடையாது, ஒரு முக்காலியும், சந்தையை அடக்கும் குரலும் உண்டு. சண்டை தீர்ப்பது, விலை கட்டுவது, வரிசையின் சார்பில் சாவுக்குப் போய் அழுவது ஆகிய ராஜாங்க காரியங்களைக் குறையில்லாமல் நடத்திவந்தார். கண்ணில் புகை படிந்ததை மட்டும் குடிமக்களிடம் அறிவிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த ரகசியம் சந்திக்கு வந்தது. எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் தெருவுக்கு மூன்று சாவுப் பந்தல். எல்லாவற்றிலும் அதே கறுப்பு, சிவப்புத் துக்க உடைக் கூட்டம். சர்போமா ஒரு பந்தலில் நுழைந்து, வலமிருந்து இடமாக ஆள் விடாமல் கைகொடுத்து, மார்பில் அடித்து அழுது, மொய்யும் வைத்தார். ஒலிபெருக்கி முழங்கியது: "காலமான சந்தை வரி அதிகாரிக்கு, துணி வரிசை ராணியின் அன்பளிப்பு!"

அடுத்த பந்தலில், எங்கள் தையல்காரியின் தாய்க்காக, ராணியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த மொத்த வரிசையும் அதைக் கேட்டது.

திங்கட்கிழமை, முக்காலிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த எங்கள் வரிசைக் கடைக்காரி ஃபோரிவா ஆரம்பித்தாள். "ஏன்க்கா, அந்த வரிக்காரன் உங்களுக்கு என்ன முறை? பெத்த தாய்க்குக்கூட நீங்க அப்படி அழலையே!"

வரிசையே சிரித்தது.

"கண்ணு தெரியாதவங்களுக்கு ராணிப் பட்டம் எதுக்கு? மாசக் கடைசியில கூட்டம் போட்டு வேற ஆளைப் பாப்போம்" என்றாள் ஃபோரிவா.

"தாராளமா போடுடி. நானே வந்து தலைமை தாங்குறேன்" என்றார் சர்போமா.

சர்ச் போதகர் ஜெபித்துக் கண்ணில் எண்ணெய் தடவினார். பயணிகள் வேனுக்குள் ஏறிக் கண் சொட்டுமருந்து விற்றவன், அதையே மூட்டுவலிக்கும் தடவலாம் என்றான். சர்போமா இரண்டு பேரையும் விரட்டிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்புரை, ஆப்பரேஷன் செய்தால் தெரியும் என்றார்கள். ஆனால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கத்தி எடுக்கமாட்டார்களாம்.

அக்ராவிலிருந்து மகன் போனில் உபதேசித்தான். "வயசாச்சும்மா, வீட்ல உக்காருங்க."

"உக்காரத்தான்டா போறேன். என் முக்காலியில" என்று போனை வைத்தவர், நேரே ஃபோரிவாவின் கடை முன்னால் போய் நின்றார்.

"என்னைக் குருடின்னு ஊரெல்லாம் சொன்னவ நீதானே? அப்போ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் நீதான். கிளம்பு."

எல்லாக் கடைக்காரிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் ஓட்டுப் போய்விடும். ஃபோரிவா செருப்பை மாட்டினாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டபோது, ஃபோரிவா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தங்கச்சி மாதிரி" என்றாளாம்.

வலது கண்ணில் ஆப்பரேஷன் முடிந்து, மறுநாள் கட்டுப் பிரிக்கவும் அவளே கூட வரவேண்டியதாயிற்று. நர்ஸ் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாள்.

"உன் விரல் எங்கேயும் போகாது, இரும்மா. ஏய் ஃபோரிவா, நீ கட்டியிருக்கிறது எதிர் வரிசைத் துணிதானே? நம்ம ஆளுங்க யாருமே இந்தப் பூப்போட்டதை விக்கலையே!"

ஃபோரிவா கைப்பையால் பூவை மறைத்தாள். "அது... கொஞ்சம் மலிவா கிடைச்சுதுக்கா..."

"இதையும் கூட்டத்துல பேசிடலாமா?"

கூட்டம் நடக்கவில்லை. கூட்டம் கேட்ட ஃபோரிவாவே ஒத்திவைத்துவிட்டாள். சர்போமா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்து இடது கண்ணு. நல்ல துணியா கட்டிக்கிட்டு வாடி."