காய்ந்து கிடந்த இடம்

மாரிகுப்பத்துச் சுரங்கத்தில் என் மனைவியின் அண்ணனும் நானும் ஒரே ஷிப்ட், ஒரே லெவல். அவளுக்கு அப்போது தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேஜ் என்கிற இரும்புக்கூண்டு எங்களைக் கீழே இறக்கிவிட்டதும் எல்லோரும் வேலையில் இறங்கிவிடுவோம். அவர் மட்டும் இடது உள்ளங்கையைத் தலைக்கு மேலிருக்கும் பாறையில் பதித்து, கடப்பாரையால் தட்டிக்கொண்டு நிற்பார். கணீரென்றால் நல்ல பாறை. பொத்தென்று கேட்டால் உள்ளே பாறை பிளந்து விட்டுப்போயிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும் என்று அர்த்தம். தாமதத்துக்கு மேஸ்திரியின் திட்டு எனக்கும் சேர்த்து விழும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

“இன்னா மச்சான், கதவத் தட்றியா? உள்ள யாரு கீறாங்க?”

“எமன் வூட்ல கீறானான்னு பாக்குறேன் மாப்ள” என்பார்.

சாப்பிட உட்கார அங்கே ஒரு மூலைதான் உண்டு. அதிலும் எந்நேரமும் மேலிருந்து நீர் சொட்டும். ஒருநாள் அது காய்ந்து கிடந்தது. அப்பாடா என்று மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைத்துக் களிச்சட்டியைத் திறந்தேன். அவர் உட்காரவில்லை.

“நேத்துவரைக்கும் சொட்டிச்சே மாப்ள, அந்தத் தண்ணி எங்க போச்சு?”

“எங்கயோ போவட்டும். நிம்மதியா ஒரு வாய் துன்ன வுடு.”

தட்டினார். பொத்தென்றது. உள்ளே விரிசல் திறந்து, தண்ணீர் வேறு வழி பிடித்திருந்தது. “எயுந்துரு” என்றார். நான் வீம்புக்கு இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டேன். கையைப் பிடித்து இழுத்தால் மல்லுக்கு நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். என் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பசியில் இருக்கிறவன் சோற்றிலா விளையாட்டு? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் தோளைப் பிடித்தேன். எங்களுக்குப் பின்னால் பாறை விழுந்தது. அடித்த காற்றில் மெழுகுவத்திகள் அணைந்துபோயின.

இருட்டில் ஒரு கை என் முகத்தைத் தடவியது. “கீறியா மாப்ள?”

“கீறேன் மச்சான்.”

“தங்கச்சிக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்” என்று அழுதார். நானும் அழுதேன். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டாமல் நான் ஒருநாளும் படுத்ததில்லை.

எங்கள் பிள்ளைக்குக் காது குத்தியபோது, வழக்கப்படி தாய்மாமன் மடியில்தான் உட்காரவைத்தோம். குத்தியதும் அது வீறிட்டு, “அப்பா” என்று கை நீட்டியது. தூக்கிக்கொள்ள நான் இருந்தேன்.