மோர் குடித்த லேப்டாப்

மோர் குளிர்ச்சிதானே, லேப்டாப்புக்கு நல்லதுதான் என்று முதல் இரண்டு வினாடி மனதார நம்பினேன். பத்து நாளாகவே அது இட்லிக் குண்டான் மாதிரி சூடாகிக்கொண்டிருந்தது.

என் மகளுடைய லேப்டாப். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். அன்று பௌர்ணமி. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில், கிரிவலம் வருகிறவர்களுக்குத் தெருக்காரர்கள் மோர் ஊற்றினார்கள். உப்பு பார்க்கச் சொல்லி எனக்கும் ஒரு சொம்பு வந்தது. சிவப்பு ராணியைக் கறுப்பு ராஜா மேல் வைக்கப்போன வேகத்தில் முழங்கை இடித்து, சொம்பு கவிழ்ந்தது.

மூன்றாவது வினாடியில்தான் உறைத்தது. அவளுடைய கடைசி வருட புராஜெக்ட் அதற்குள் இருக்கிறது. மறுநாள் காலை கல்லூரியில் கொடுக்க வேண்டும்.

புத்தியுள்ளவன் முதலில் அணைத்திருப்பான். நான் கறிவேப்பிலையைப் பொறுக்கினேன். துண்டால் துடைத்தேன். ஈரத்தை இழுக்க உலர்ந்த பொடி வேண்டும் என்று எனக்குள் ஒரு விஞ்ஞானி கத்தினான். சாமி அலமாரியில் விபூதி டப்பா இருந்தது. அள்ளித் தூவினேன். உள்ளே ஃபேன் உர்ரென்று சுற்றியது. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் உயிர் வந்தது, உடனே போனது. ஏழெட்டு முறை கொன்று பார்த்தேன்.

"ப்பா, என்ன பண்ற?" ஈரத் தலையோடு மகள்.

"ஒண்ணுமில்லம்மா, லேசா மோர் பட்டுடுச்சு."

"ஃபைல் வேற எங்கயுமே இல்லப்பா!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"உப்பு பாக்க உங்களுக்கு நாக்கு இல்லயா? லேப்டாப்புக்கு ஊத்தித்தான் பாக்கணுமா?" என்றாள் என் மனைவி.

பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ ஓடாது. லேப்டாப்பைக் கவிழ்த்துத் துண்டில் சுற்றி, இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு டவுனை நோக்கி நடந்தேன். ஓட இடமில்லை. வழியில் லிங்கக் கோயில் வரும்போதெல்லாம் முன்னால் போனவர்கள் நின்று கும்பிட, நான் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். செருப்பு போட மறந்திருந்ததால் என் பக்தியை யாரும் சந்தேகிக்கவில்லை.

பக்கத்தில் வந்த ஒரு அம்மா கேட்டார்: "கைல என்னங்க, வேண்டுதலா?"

"ஆமாங்க. பொண்ணு பாஸாவணும்."

"கண்டிப்பா ஆவும்," என்றவர் முன்னால் பார்த்துக் கூவினார்: "வேண்டுதல் வருது, வழி வுடுங்க!"

துண்டிலிருந்து மோர் சொட்டச் சொட்ட நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்மணி, அடிமூடியைக் கழற்றியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், அபிஷேகம் பண்ணி விபூதி சாத்தியிருக்கீங்க? தீபாராதனை ஆச்சா?"

"ஃபைல் இருக்குமாங்க?"

"மொதல்ல உக்காருங்க சார்."

உட்காரவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்ததைக் கூட்டினால் இன்னொரு கிரிவலம் தேறும். அவர் பிரஷ்ஷால் தட்டித் தட்டி, ஊதி ஊதித் துடைத்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பட்டனை அழுத்தினார். திரை வந்தது, நின்றது. புராஜெக்ட் இருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது: மோர் கீபோர்டைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. ஃபேனை அடைத்து, சூடேற்றி, லேப்டாப்பை அணைத்தது நான் தூவிய விபூதி.